சிகாகோ பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணி 1907-08: 18-16, 21-18, 16-15. இந்த ஸ்கோர்களை எப்படிப் படிப்பது?

பழையஸ்கோர் · பதிவு 1

போன இழையில் இந்த அணியைப் பற்றி நடுவில் பேச்சு கிளம்பி, அது பாதியில் வேறு பக்கம் போய்விட்டது. தனியாகத் தொடங்குகிறேன்.

அணி: சிகாகோ பல்கலைக்கழகம். பயிற்சியாளர் டாக்டர் ஜோசப் ரேகிராஃப்ட். சென்டர், அதாவது நடு ஆட்டக்காரர், ஜான் ஷோமர். கார்டு, அதாவது காக்கும் ஆட்டக்காரர், ஹார்லன் பேஜ், எல்லோருக்கும் 'பேட்' பேஜ். சொந்த ஜிம் 1904இல் திறந்த பார்ட்லெட் ஜிம்னேசியம். சீசன் கணக்கு 21 வெற்றி, 2 தோல்வி என்றுதான் பெரும்பாலும் அச்சாகிறது. கல்லூரி அல்லாத அணிகளோடு ஆடியதைச் சேர்ப்பதா விடுவதா என்பதைப் பொறுத்துப் பட்டியலுக்குப் பட்டியல் எண் ஆடும். அந்தக் காலத்து எல்லா அணிக்கும் இந்தத் தொல்லை உண்டு.

இன்றைக்கு பிக் டென் என்று சொல்லும் அமைப்புக்கு அப்போது வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் என்று பெயர். 1907இல் சிகாகோ, மினசோட்டா, விஸ்கான்சின் மூன்றும் சமமாக முடித்து, பட்டம் மூன்றாகப் பங்கு போனது. 1908இல் சிகாகோவும் விஸ்கான்சினும் சமம். இந்த முறை பங்கு போடாமல் மேடிசனில், அதாவது விஸ்கான்சின் ஊரிலேயே, ஒரு தீர்வு ஆட்டம் ஆடினார்கள். 16-16 என்று இருந்தபோது பேஜ் போட்ட கூடையில் சிகாகோ 18-16.

அடுத்தது கிழக்குப் பக்க லீக் சாம்பியன் பென்சில்வேனியா பல்கலைக்கழகம், சுருக்கமாகப் பென். இரண்டு ஆட்டத் தொடர். சிகாகோவில் 21-18, பிலடெல்பியாவில் 16-15. இரண்டுமே சிகாகோவுக்கு.

மூன்று பெரிய ஆட்டம், மூன்றிலும் வெற்றி, மொத்த வித்தியாசம் 6 புள்ளி. இதை வைத்து "எல்லோரையும் அடித்துத் துவைத்த அணி" என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. உங்கள் கருத்து?

புதுப்பையன் · பதிவு 2

40 நிமிஷம் ஆடி 16 பாயிண்டா? இப்ப ஸ்கூல் டீம் பசங்க முதல் குவார்ட்டர்லயே அடிச்சிடுவாங்களே சார். அப்ப ஷூட் பண்ணவே தெரியாதா, இல்ல டிஃபென்ஸ் அவ்ளோ டைட்டா?

விசில்காரர் · பதிவு 3

தம்பி, ரெண்டும் இல்லை. அன்றைய விதிப் புத்தகத்தோடு பார்த்தால்தான் அந்த 16 புரியும்.

முதல் விஷயம், ஒவ்வொரு கூடை விழுந்த பிறகும் பந்து நடுவட்டத்துக்குத் திரும்பிப் போகும். ரெஃப்ரீ மேலே தூக்கிப் போட, இரண்டு சென்டர்களும் எம்பித் தட்ட வேண்டும். இன்றைக்குக் கூடை வாங்கிய அணி கோட்டுக்கு வெளியிலிருந்து உடனே பந்தை உள்ளே விடுகிறதே, அது 1937-38இல்தான் வந்தது. அதுவரை கூடை போட்ட அணிக்கே மறுபடி பந்து கிடைக்க வாய்ப்பு இருந்தது. ஆட்டம் விட்டு விட்டுத்தான் ஓடும்.

இரண்டாவது, டிரிபிள் செய்துகொண்டு, அதாவது பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே, போனவன் கூடைக்கு எறிய முடியாது. கல்லூரி விதியில் 1908-09 சீசனில்தான் அந்தத் தடை நீங்கியது. நாம் பேசும் சீசன் அதற்கு ஒரு வருஷம் முன்னால். ஆகவே டிரிபிள் என்பது மாட்டிக்கொண்டவன் தப்பிக்கும் வழி, அவ்வளவே. கூடைக்கு எறிய வேண்டுமானால் பந்தை இன்னொருத்தனிடம் கொடுத்தாக வேண்டும். உள்ளே புகுந்து கூடைக்குப் பக்கத்திலிருந்தே லே-அப் போடுவது என்கிற இன்றைய புள்ளிக் களஞ்சியமே கிடையாது.

மூன்றாவதை நிறையப் பேர் கவனிப்பதில்லை. பந்தோடு ஓடுவது, இன்றைய டிராவலிங், அன்றைக்கு ஃபவுல். எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கூடைக்கு ஒரு எறி. அது வெறும் விதிமீறலாக இறங்கியது 1921-22இல். அந்த ஃப்ரீ த்ரோவையும் தள்ளப்பட்டவனே எறிய வேண்டியதில்லை. அணிக்கு ஒருவன், கை நிதானமானவன், எல்லாவற்றையும் அவனே எறிவான். அவனவன் ஃப்ரீ த்ரோவை அவனவனே எறிய வேண்டும் என்று ஆனது 1923-24இல்.

இதன் விளைவுக்கு விஸ்கான்சினின் கிறிஸ்டியன் ஸ்டைன்மெட்ஸைப் பாருங்கள். 1905இல் ஒரே ஆட்டத்தில் 26 ஃப்ரீ த்ரோ போட்டவர், அந்த சீசனில் மொத்தம் 462 புள்ளி. அன்றைய அளவில் அது மலை. திறமையோடு அந்த விதியும் கூடவே நின்று ஏற்றியது.

பழையஸ்கோர் · பதிவு 4

இதோடு ஒரு சின்னக் கணக்கு. களக் கூடைக்கு 2, ஃப்ரீ த்ரோவுக்கு 1. பென்னின் 15 ஒற்றைப்படை. ஆக அவர்கள் குறைந்தது ஒரு ஃப்ரீ த்ரோவாவது போட்டிருக்க வேண்டும், மொத்தம் எத்தனை போட்டாலும் அது ஒற்றைப்படை எண்ணாகத்தான் இருக்கும். முதல் ஆட்டத்தில் சிகாகோவின் 21க்கும் இதே கதைதான். பழைய பத்திரிகையில் ஆட்ட அட்டவணை எடுக்கும்போது இப்படிச் சரிபார்த்தால் அச்சுப்பிழை உடனே மாட்டும். கூட்டிப் பார்த்து வராத அட்டவணை நிறைய.

நடுவட்டம் · பதிவு 5

விசில்காரர் ஐயா சொன்ன முதல் விதியில்தான் ஷோமரின் மதிப்பு முழுக்க அடங்கியிருக்கிறது.

இன்றைக்கு ஜம்ப் பால் ஆட்டத் தொடக்கத்தில் ஒருமுறை. அன்றைக்கு விழுந்த கூடை எத்தனையோ அத்தனை முறை. நடுவட்டத்தில் தொடர்ந்து தட்டி ஜெயிக்கும் சென்டர் இருந்தால், கூடை போட்டதும் பந்து மறுபடி உங்களுக்கே. நீங்கள் போட, நீங்களே எடுக்க, எதிரி பந்தைத் தொட்டே பல நிமிடம் ஆகிவிடும். சென்டர் தோற்கிற அணி நன்றாக ஆடியும் பின்தங்கும்.

தட்டுவது சும்மா மேலே தட்டுவது அல்ல. எந்தப் பக்கம் தட்டப் போகிறான் என்பது முன்கூட்டியே பேசி வைத்தது. ஒரு ஃபார்வர்டு (முன்னால் ஆடுபவன்) பந்து விழும் இடத்துக்கு ஓட, மற்றவன் கூடைப் பக்கம் நேராகப் போவான். ஒரு கார்டு மேலே ஏறி வருவான். இன்னொரு கார்டு மட்டும் அசைய மாட்டான், தன் கூடைக்கு அடியிலேயே நின்று காப்பான். தட்டியது குறி தவறி எதிரி கையில் விழுந்தால் பின்னால் இருப்பது அந்த ஒருவன் மட்டுமே. அதனால்தான் அன்றைய அணிகளில் நின்று காக்கும் கார்டுக்கு அவ்வளவு மரியாதை.

குறி எங்கே தவறும்? சென்டர் உச்சத்துக்குப் போகும் முன்பே தட்டினால் பந்து பக்கவாட்டில் போகாமல் முன்னால் தாழ்ந்து விழும். ரெஃப்ரீ நேராகத் தூக்காமல் ஒரு பக்கம் சாய்த்துப் போட்டாலும் திட்டம் காலி. வெளியூர் ஆட்டத்தில் இந்தப் புகாருக்குப் பஞ்சமே இருக்காது.

ஷோமர் 1907, 1908, 1909 மூன்று வருஷமும் கான்ஃபரன்ஸில் அதிகப் புள்ளி எடுத்தவர். நடுவட்டத்தில் தட்டவும் வேண்டும், ஓடிப் போய்க் கூடையும் போட வேண்டும். அந்த இரட்டை வேலைக்கு ஆள் கிடைப்பது அபூர்வம்.

தோல்பந்து · பதிவு 6

பந்தை யாரும் பேசவில்லையே!

அன்றைய பந்து இன்றைய பந்தைவிடப் பெரிது, ஆனால் எடை குறைவு. சுற்றளவு 30 முதல் 32 அங்குலம், எடை 18 முதல் 20 அவுன்ஸ். இன்றைய ஆண்கள் பந்து சுமார் 29½ அங்குலம், 20 முதல் 22 அவுன்ஸ். பெரிதாகவும் இலேசாகவும் இருந்தால் என்ன ஆகும்? ஒரு கையில் அடங்காது, தூரத்திலிருந்து எறிந்தால் காற்றில் தளரும். இரண்டு கையாலும் மார்பருகே வைத்துத் தள்ளுவதும், ஃப்ரீ த்ரோவைக் கால்களுக்கு நடுவிலிருந்து கீழ்க்கையாக எறிவதும் இதனால் இயல்பாக வந்தவை.

தோல் உறைக்குள் தனி ரப்பர் பிளாடர். உறையில் ஒரு வாய், அதைத் தோல் வாரால் பின்னி மூடுவார்கள். காற்றடிக்கும் முறை: பின்னலைத் தளர்த்தி, பிளாடரின் குழாயை வெளியே இழுத்து, காற்றடித்து, குழாயை மடக்கி நூலால் இறுகக் கட்டி, உள்ளே தள்ளித் தட்டையாகப் படுக்க வைத்து, வாரை மறுபடி பின்ன வேண்டும். மடக்கிய குழாய் சரியாகப் படுக்காவிட்டால் உள்ளேயிருந்து ஒரு புடைப்பு. பந்து காற்றில் தள்ளாடும். பின்னல் முடிச்சு வெளியே துருத்தினால் தரையில் அந்தப் பக்கம் பட்டதும் பந்து கோணலாக எழும். டிரிபிள் அதிகம் வளராததற்கு விதி பாதிக் காரணம் என்றால் இந்தப் பின்னல் மீதிப் பாதி.

தோல் ஈரம் குடித்தால் இழுபடும். சில வாரம் ஆடிய பந்து முட்டை வடிவத்துக்குப் போய்விடும். சொந்த ஊர் அணிக்கு அந்தக் கோணல் பழக்கம், வந்தவனுக்குப் புதுசு. எறிவதற்கு முன் பின்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று விரலால் தடவித் திருப்பிக்கொள்வது அன்றைய ஆட்டக்காரனின் கைப்பழக்கம்.

புதுப்பையன் · பதிவு 7

சூப்பர் அண்ணா. அப்ப நெட்? நெட்ல அடி மூடியிருக்கும்னு சொல்றாங்களே, ஒவ்வொரு தடவையும் ஏணி வச்சு எடுப்பாங்களா?

கட்டைத்தளம் · பதிவு 8

ஏணி 1890களின் தொடக்கத்துக் கதை. பிறகு வலையில் கயிறு கட்டி இழுத்துப் பந்தைக் கவிழ்ப்பது வந்தது. அடி திறந்த வலைக்கு விதியில் இடம் கிடைத்தது 1912-13இல்.

கூடை உயரம் 10 அடி, வளையம் 18 அங்குலம், இரண்டும் இன்றுவரை மாறவில்லை. கூடைக்குப் பின்னால் இருக்கும் போர்டு 6 அடிக்கு 4 அடி. முதலில் கம்பி வலைப் போர்டு. அதில் பந்து பட்டுப் பட்டுக் குழி விழும். எந்தக் குழியில் அடித்தால் கூடைக்குள் சரியும் என்று உள்ளூர் ஆளுக்கு அத்துப்படி. அந்தச் சலுகையை ஒழிக்கத்தான் 1904 வாக்கில் மரப் பலகைக்கு மாறினார்கள்.

மரம் வந்தும் ஒரு கோளாறு மிச்சம். பல ஜிம்களில் போர்டு சுவரிலேயே பொருத்தியிருக்கும். ஓடி வந்து சுவரில் கால் வைத்து எம்பினால் கூடைக்குப் பக்கத்தில் போய்விடலாம். போர்டைச் சுவரிலிருந்து 2 அடி தள்ளி வைக்க வேண்டும் என்ற விதி 1920-21இல் வந்த பிறகே இந்தச் சுவரேறும் வித்தை ஒழிந்தது.

பார்ட்லெட் ஜிம்மில் ஆடுதளத்தைச் சுற்றி மேலே ஓடுபாதை தொங்கும். அந்தக் காலத்துக் கல்லூரி ஜிம்களின் வழக்கமான அமைப்பு. பார்வையாளர் அங்கே சாய்ந்து நின்று பார்க்க வசதி, ஆனால் ஓரத்திலிருந்து உயரமாக எறிகிறவனுக்கு அது தலைவலி. இப்படிப்பட்ட ஜிம்மில் வளர்ந்தவன் தட்டையான பாதையில் எறியப் பழகுவான். கூரை உயரமான இடத்துக்குப் போனால் அவனுக்குக் கஷ்டமில்லை. உயரமாக எறிந்து பழகியவன் இங்கே வந்தால்தான் திண்டாட்டம். (அந்தக் கட்டடம் இன்று மாணவர் உணவுக்கூடம். பந்து எகிறிய இடத்தில் தட்டு.)

ஷூ கேட்பீர்கள். கான்வர்ஸ் நிறுவனம் தொடங்கியதே 1908இல், அவர்களின் கூடைப்பந்து ஷூ 1917இல். ஆக இந்த அணியின் படத்தில் கான்வர்ஸைத் தேடாதீர்கள்.

விசில்காரர் · பதிவு 9

கட்டைத்தளம் விட்ட இடத்தில் ஒன்று சேர்க்கிறேன். பந்து கோட்டுக்கு வெளியே போனால் யார் கடைசியாகத் தொட்டது என்ற கேள்வியே அன்று இல்லை. முதலில் ஓடிப் போய் எடுத்தவனுக்குச் சொந்தம். கடைசியாகத் தொட்டவனின் எதிரணிக்குப் பந்து என்பது 1913-14இல் வந்தது. அதுவரை பெஞ்சுக்கு அடியிலும் பார்வையாளர் காலடியிலும் உருண்டு புரள வேண்டியதுதான்.

அடிபட்டால்? வெளியே போனவன் அந்த ஆட்டத்தில் திரும்பி வர முடியாது. ஒருமுறை திரும்பி வரலாம் என்பதே 1920-21 விதி. ஆக ஐந்து பேரும் 40 நிமிடமும் தாங்க வேண்டும். முதல் பாதியில் கணுக்கால் பிசகியவனை எடுப்பதா, நொண்டியபடியே நிறுத்துவதா? ரேகிராஃப்ட் தொழிலால் மருத்துவர் என்பது இந்த இடத்தில் சும்மா அலங்காரப் பட்டம் அல்ல.

கடைசி நிமிடங்களில் முன்னிலையில் இருப்பவன் பந்தைச் சுற்றிச் சுற்றிக் கொடுத்து நேரத்தைக் கடத்தவும் எந்தத் தடையும் இல்லை. 10 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது 1932-33இல். கூடைக்கு எறியக் கெடு வைக்கும் ஷாட் கிளாக் கல்லூரியில் 1985-86இல், அதுவும் 45 விநாடி. 16-15 என்று முன்னால் இருக்கும் அணிக்கு அவசரமே இல்லை, எதிரிக்குத்தான் வியர்க்கும்.

புதுப்பையன் · பதிவு 10

சரி, பென் தொடர்ல ஷோமர் கடைசி நொடியில 80 அடி தூரத்துல இருந்து போட்டாராமே? எல்லா இடத்துலயும் அதான் போட்டிருக்கு.

நடுவட்டம் · பதிவு 11

அவரைப் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருவது அது. நெடுந்தூரத்திலிருந்து விழுந்த கூடை என்பதில் எனக்குச் சண்டை இல்லை. 80 என்ற எண்ணோடுதான் சண்டை.

1890களின் விதி ஆடுதளத்துக்கு 3,500 சதுர அடி என்று உச்சவரம்பு வைத்தது. அந்தப் பரப்பில் நீளம் 80 அடி என்றால் அகலம் 43¾ அடிதான். இன்றைய தளம் 94க்கு 50, அதாவது 4,700 சதுர அடி. அன்றைய கல்லூரித் தளங்கள் பல 70, 80 அடி நீளத்திலேயே நின்றவை. போர்டு கடைக்கோட்டை ஒட்டிச் சுவரில் இருக்கும். 80 அடி எறிய வேண்டுமானால் எதிர்ச்சுவரில் முதுகு உரச நிற்க வேண்டும்.

இன்னொரு பக்கம், 45 பாகையில் எறிந்த பந்து போகும் தூரத்தில் கால் பங்கு உயரம் எழும். 80 அடிக்கு 20 அடி. கையிலிருந்து கிளம்பும் உயரத்தையும் சேர்த்தால் தரையிலிருந்து 26 அடி. உத்தரம், விளக்கு, தொங்கும் ஓடுபாதை எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். தட்டையாக எறிந்தால் உயரம் குறையும், ஆனால் வளையத்துக்குள் இறங்கும் கோணம் படுத்துவிடும், போர்டில் மோதித்தான் விழும். முடியாதது என்று சொல்லவில்லை. யாரோ கண்ணால் மதிப்பிட்டது, பிறகு அச்சேறி நிலைத்துவிட்டது என்பது என் கட்சி.

தோல்பந்து · பதிவு 12

அந்த இலேசுப் பந்தை நினைத்தால் எனக்கும் அதே சந்தேகம். ஆனால் ஷோமர் நான்கு விளையாட்டில் 12 லெட்டர் (கல்லூரி அணிக்கு ஆடியதற்குத் தரும் விருது) வாங்கியவர். தூக்கி எறியும் தோள்வலுவில் குறை சொல்ல முடியாது.

பழையஸ்கோர் · பதிவு 13

சாம்பியன் விஷயத்துக்கு வருவோம். 1908இல் எந்த அமைப்பும் தேசியப் பட்டம் கொடுக்கவில்லை. மேற்கின் சாம்பியன் கிழக்கின் சாம்பியனை இரண்டு முறை வென்றது, அவ்வளவுதான். லாஸ் ஏஞ்சலஸின் ஹெல்ம்ஸ் அறக்கட்டளை உருவானதே 1936இல். 1901 முதல் 1919 வரையிலான சாம்பியன்களை அது பின்னோக்கித் தேர்ந்து அறிவித்தது 1957இல். அதில் 1907, 1908, 1909 மூன்றும் சிகாகோவுக்கு.

வேடிக்கை என்னவென்றால், அதே ஹெல்ம்ஸ் 1908இன் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தது தோற்ற பென் அணியின் சார்ல்ஸ் கைனத்தை. ஷோமருக்கு 1909, பேஜுக்கு 1910.

கட்டைத்தளம் · பதிவு 14

வபாஷை ஏன் யாரும் சொல்லவில்லை? இந்தியானாவில் கிராஃபோர்ட்ஸ்வில் என்ற சிற்றூர்க் கல்லூரி. அதே 1907-08இல் 24 ஆட்டம், 24 வெற்றி. பின்னாளில் வந்த பிரீமோ-பொரெட்டா தரவரிசை 1908க்கு வபாஷைத்தான் முதலில் வைக்கிறது. பயிற்சியாளர் ரால்ஃப் ஜோன்ஸ் லேசுப்பட்டவர் இல்லை. 1914-15இல் இலினாய் அணியை 16 வெற்றி, தோல்வியே இல்லை என்று கொண்டுபோனவர், 1932இல் சிகாகோ பேர்ஸ் அமெரிக்கக் கால்பந்தில் பட்டம் எடுத்தபோதும் அவர்தான் பயிற்சியாளர்.

பழையஸ்கோர் · பதிவு 15

வபாஷின் சுத்தக் கணக்கை மதிக்கிறேன். ஆனாலும் என் ஓட்டு சிகாகோவுக்கு. காரணம் அந்த ரயில் பயணம். மேடிசனில் எதிரி ஊரில் தீர்வு ஆட்டம், அப்புறம் அன்றைய ரயிலில் ஏறக்குறைய ஒரு நாள் தூரமுள்ள பிலடெல்பியா, அங்கே வேறு தளம், வேறு போர்டு, வேறு பந்து. அதில் 16-15. முதல் பதிவில் நான் கேட்டதற்கு இப்போது நானே ஒரு திருத்தம்: 6 புள்ளி வித்தியாசத்தை இன்றைய கண்ணால் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு கூடைக்கும் நடுவட்டம் திரும்பிய ஆட்டத்தில் 3 புள்ளி முன்னிலை என்பது சின்ன விஷயமல்ல.

விசில்காரர் · பதிவு 16

அதற்கு இன்னொரு சாட்சி 1908-09. டிரிபிள் செய்தவன் எறியலாம் என்று விதி மாறிய சீசன் அது. பழைய விதிக்குப் பழகிய அணி தடுமாறியிருக்க வேண்டும். சிகாகோ 12 வெற்றி, தோல்வியே இல்லை. ஷோமர், பேஜ் இருவரும் இருந்தார்கள்.

புதுப்பையன் · பதிவு 17

இவ்ளோ பெரிய டீம் இப்ப எங்க போச்சு? பேரே கேள்விப்பட்டதில்ல.

கட்டைத்தளம் · பதிவு 18

பல்கலைக்கழகமே பெரிய விளையாட்டிலிருந்து விலகியது. 1939இல் அமெரிக்கக் கால்பந்து அணியைக் கலைத்தார்கள், 1946இல் பிக் டென்னிலிருந்து வெளியேறினார்கள். ரேகிராஃப்ட் 1911இல் பிரின்ஸ்டன் போய்விட்டார். பேஜ் அதே சிகாகோவுக்குப் பயிற்சியாளரானார், பிறகு பட்லர் பல்கலைக்கழகம் போய் 1924இல் ஏ.ஏ.யூ. (அமெச்சூர் விளையாட்டுச் சங்கம்) தேசியப் போட்டியை வென்றார். ஷோமர் வேதியியல் பேராசிரியர். இன்றைய போர்டு வடிவமைப்பில் அவருக்கும் பங்கு உண்டு என்பார்கள்.

புதுப்பையன் · பதிவு 19

பழைய பேப்பர் ஆர்க்கைவ்ல தேடினேன், 1908க்கு ஒண்ணுமே வரல. என்ன வார்த்தை போடணும்?

பழையஸ்கோர் · பதிவு 20

'பாஸ்கெட்' 'பால்' என்று இரண்டு சொல்லாகப் பிரித்துப் போடுங்கள், ஆங்கில எழுத்தில். அன்றைக்குச் சேர்த்து எழுதும் வழக்கம் இல்லை. 'பிக் டென்' என்று தேடாதீர்கள், 'வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ்'. முதல் பெயர் வேண்டாம், பத்திரிகைகள் குடும்பப் பெயரை மட்டும்தான் போடும். ஷோமரின் பெயரில் இரட்டை எம் மங்கி அச்சானால் கணினி வேறு எழுத்தாக வாசித்துவிடும், அப்போது 'பேஜ்' என்றும், சிகாகோ அணியின் பட்டப்பெயரான 'மரூன்ஸ்' என்றும் சேர்த்துத் தேடுங்கள். தேதியை மார்ச் மாதத்துக்குச் சுருக்குங்கள். அட்டவணை கிடைத்தால் களக் கூடையை இரண்டால் பெருக்கி, ஃப்ரீ த்ரோவைக் கூட்டி, மொத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டு இங்கே போடுங்கள்.